இஷர்வுட் கண்ட பெர்லின்: வாக்கில்லாதவரின் சாட்சி

அயல்நாட்டில் குடியிருக்கும் ஒருவர் அந்நாட்டின் அரசியலைப் பற்றி எழுதும்போது, அவர் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பளிக்கலாம் என்னும் கேள்வி இயல்பாகவே எழும். அங்கே அவருக்கு வாக்கு இல்லை. வேலையிழந்தோர் உதவித் தொகைக்காக நிற்கும் வரிசையில் அவர் நிற்பதில்லை. நாடு கெட்டால் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடவும் அவரால் இயலும். ஆயினும், உள்ளூரார் பழக்கத்தால் காணத் தவறுவதை அவர் கண்டுவிடுதலும் உண்டு. இவ்விரு நிலைகளுக்கும் நடுவே அவர் எழுத்தின் உண்மை எங்கே நிற்கிறது என்பதை ஆராய்வதற்குக் கிரிஸ்டபர் இஷர்வுட் எழுதிய இரு பெர்லின் நூல்களைவிடப் பொருத்தமானவை கிடைத்தல் அரிது. ஒன்று, 1935இல் வெளிவந்த ‘மிஸ்டர் நாரிஸ் ரயில் மாறுகிறார்’ என்னும் நாவல். மற்றொன்று, 1939இல் வெளிவந்த ‘பெர்லினுக்கு விடை’. முன்னது ஒரு மோசடிக்காரரைச் சுற்றிய கதை. பின்னது ஆறு பகுதிகள் கொண்ட தொகுப்பு. அதன் முதற்பகுதியும் கடைசிப் பகுதியும் நாட்குறிப்பு வடிவில் அமைந்தவை.

காலமும் களமும்

இஷர்வுட் 1904இல் இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில், நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் படிப்பை முடிக்காமலே வெளியேறினார். 1929 நவம்பர் இறுதியில் பெர்லினில் குடியேறி 1933 மே மாதம் வரையில் அந்நகரையே இருப்பிடமாகக் கொண்டார். பெரிய தந்தையார் அனுப்பிய பணமும், ஆங்கிலம் கற்பித்துப் பெற்ற ஊதியமும் அவருடைய வருவாய். ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 20 மார்க்கு கிடைத்த காலம் அது. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்கநாணய முறையைக் கைவிட்டதும், சில மாதங்களுக்குள் அம்மதிப்பு கால் பங்குக்கு மேல் சரிந்தது. இவ்வகையில் மட்டும் உலகப் பொருளாதார மந்தம் அவர் பையையும் தொட்டது எனலாம்.

அவர் அங்குக் குடியிருந்த மூன்றரை ஆண்டுகளில் ஜெர்மன் நாடாளுமன்றத்திற்கு நான்கு பொதுத்தேர்தல்கள் நடந்தன. 1928இல் 12 இடங்களே பெற்றிருந்த நாஜிக் கட்சி 1930 செப்டம்பர் 14இல் 107 இடங்களையும், 1932 ஜூலை 31இல் 230 இடங்களையும் பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 6இல் 196 இடங்களாகத் தாழ்ந்து, 1933 மார்ச்சு 5இல் 288 இடங்களாக உயர்ந்தது. இவற்றுக்கு நடுவே 1932 மார்ச்சிலும் ஏப்ரலிலும் குடியரசுத் தலைவர் தேர்தல் இரண்டு சுற்றுகளாக நடந்தது. வேலையற்றோராகப் பதிவு செய்துகொண்டவர்கள் 1930 செப்டம்பரில் ஏறத்தாழ 30 லட்சம் பேர். 1932 தொடக்கத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர். வேலையில்லாதோருக்கான காப்பீட்டுச் சட்டம் 1927இல்தான் இயற்றப்பட்டது. அதன்படி 26 வாரங்கள் வரையில் உதவி கிடைத்தது. திண்டாட்டம் பெருகப் பெருக அக்காலவரையறையும் தொகையும் குறைக்கப்பட்டன.

இவ்வெண்களை இஷர்வுட்டின் நூல்களில் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். எண்களுக்குப் பின்னால் இருந்த அடுப்பங்கரையையும் படுக்கையறையையும் மாடிப்படியையுமே அவர் எழுதினார். அதுவே அவருடைய வலிமை. அவருடைய குறையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

வாடகையால் வாழும் வீடு

இரு நூல்களிலும் வரும் வீட்டுக்கார அம்மையார் பிராய்லைன் ஷ்ரோடர். போருக்கு முன்னர் இவர் வசதியாக வாழ்ந்தவர். கோடையில் பால்டிக் கடற்கரைக்குச் சென்று வந்தவர். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருந்தவர். போரும் அதன்பின் வந்த பணவீக்கமும் அவ்வாழ்வை அழித்துவிட்டன. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி மார்க்கு என்ற நிலை ஏற்பட்டதை நினைவிற் கொண்டால், இவரைப் போன்றோரின் சேமிப்பு என்னவாயிற்று என்பது விளங்கும். கதை தொடங்கும்போது அம்மையார் எல்லா அறைகளையும் வாடகைக்கு விட்டுவிட்டு, கூடத்தில் ஒரு மறைப்புத் தட்டிக்குப் பின்னால், சுருள்வில் உடைந்த சிறு சோபாவில் உறங்குகிறார். தரையைத் தாமே தேய்த்துக் கழுவுகிறார்.

அவ்வீட்டில் குடியிருப்போர் மதுக்கடைப் பணியாளர் ஒருவர், உடலை விற்றுப் பிழைக்கும் பெண்ணொருத்தி, பவேரியாவிலிருந்து வந்த மாயர் என்னும் மேடைப் பாடகி, ஆங்கிலம் கற்பிக்கும் அயல்நாட்டார் ஒருவர் ஆகியோர். பாடகி மாயர் நாஜிகளின் பற்றாளர். கீழ்த்தளத்தில் வாழ்ந்த யூதப் பெண்ணுக்கு நேரும் துன்பத்தைக் காதுகொடுத்துக் கேட்டு அவள் மகிழ்கிறாள். அரசியலில் எவ்விதக் கொள்கையும் இல்லாத ஷ்ரோடர் அம்மையாரும் உடனிருந்து சுவைக்கிறார். தேர்தல் மேடையில் ஒரு கட்சி கூவி விற்ற வெறுப்பு, வாக்குச்சாவடிக்குப் போகுமுன்னரே இரண்டு பெண்களின் பொழுதுபோக்காக வீட்டுக்குள் புகுந்துவிட்டது. இதை எந்தத் தேர்தல் அறிக்கையும் சொல்லாது. வாடகைக்கு இருந்து, சுவருக்கு அப்பால் நடப்பதைக் கேட்டவரே சொல்ல முடிந்தது.

இங்கே கவனிக்கத் தக்க ஒன்றுண்டு. அந்த அயல்நாட்டார் தம்மை வெறும் பார்வையாளர் என்கிறார். ஆனால், அம்மையாரின் அடுப்பெரிவது அவர் தரும் வாடகையாலும் ஏனையோர் தரும் வாடகையாலுமே. வேலையும் சேமிப்பும் போன ஒரு நகரத்தில், வெளியிலிருந்து தவறாமல் வரும் பவுன் ஓர் அதிகாரம். அவருக்குக் காட்டப்படும் அன்பிலும் உபசாரத்திலும் அவ்வதிகாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இஷர்வுட் இதை மறைக்கவில்லை. ஆனால் ஆழ்ந்து எண்ணிப் பார்க்கவுமில்லை.

வேலையற்றோரின் நாள்

வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பசியை எழுதுவர். இஷர்வுட் பொழுதை எழுதினார். நாரிஸ் நாவலில், ஈரமும் மங்கலும் நிறைந்த நகரில் இளைஞர்கள் காலைதோறும் வெறுமையான ஒரு நாளுக்குக் கண்விழிப்பதைச் சொல்லும் பகுதி சிறப்பானது. காலணிக் கயிறு விற்பதும், வேலைவாய்ப்பு நிலையத்தின் கூடத்தில் காய்களை நகர்த்தி ஆடுவதும், கார்க்கதவைத் திறந்துவிட்டுச் சில்லறைக்காக நிற்பதும், வீட்டு முற்றங்களில் நாட்டுப்பாடல் பாடிக் காசு கேட்பதும் அடுத்தடுத்து வருகின்றன. கண்ணீருக்கு அங்கு இடமில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாத இளைஞனுக்குக் கட்சி ஒரு சீருடையையும், கூடுமிடத்தையும், எதிரியையும் சேர்த்துக் கொடுக்குமாயின் அவன் ஏன் மறுப்பான் என்ற கேள்வி, கேட்கப்படாமலே படிப்பவர் நெஞ்சில் எழுந்துவிடுகிறது.

‘நோவாக் குடும்பத்தார்’ என்னும் பகுதி இதனினும் ஆழமானது. பணத்தட்டுப்பாட்டால் கதைசொல்லி, வாஸர்டோர் தெருவில் மேல்மாடத்தில் வாழும் தொழிலாளர் குடும்பத்தில், ஐவருக்கு ஆறாமவராகச் சென்று தங்குகிறார். கூரை ஒழுகும் வீடு. தந்தை வீட்டுச் சாமான்களைச் சுமந்து செல்லும் தொழிலாளி; தாய் வீடுகளைத் துப்புரவு செய்பவள், நுரையீரல் நோயாளி. மூத்த மகன் நாஜிகளோடு சேர்ந்துவிடுகிறான்; வேலையற்ற இளைய மகன் ஆட்டோ தன்னைக் கம்யூனிஸ்டு என்று சொல்லிக்கொள்கிறான். நாட்டைப் பிளந்த பிளவு ஒரே குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக அமர்ந்திருக்கிறது. அந்த மேசையில் அதிகமாகப் பேசப்படுவது கட்சிக் கொள்கையன்று. யார் எவ்வளவு கொண்டுவந்தார், யார் சோம்பித் திரிகிறார் என்பதே. வறுமை மக்களை ஒன்றுசேர்க்கும் என்று நம்புவோர் இப்பகுதியைப் படித்தல் நலம்.

சன்னலுக்கு மேலும் கீழும்

தொகுப்பில் மிகவும் புகழ்பெற்றது ‘சாலி போல்ஸ்’. அதில் வரும் ஒரு காட்சியைத் திறனாய்வாளர் நின்று நோக்குதல் வேண்டும். சாலி என்னும் ஆங்கிலப் பெண்ணும், கதைசொல்லியும், செல்வச் செருக்குடைய அமெரிக்கன் ஒருவனும் ஓட்டல் சன்னலிலிருந்து கீழே செல்லும் சவ ஊர்வலம் ஒன்றைப் பார்க்கின்றனர். இறந்தவர் ஹெர்மன் முல்லர். எழுத்தர்கள், சிற்றதிகாரிகள், தொழிற்சங்கச் செயலாளர்கள் எனச் சலித்த முகங்கள் வரிசையாக நடக்கின்றன. இறந்தவர் யார் என்று அமெரிக்கன் கேட்கிறான். சாலிக்குத் தெரியவில்லை, மாலைக் கதிரவனின் அழகு அவள் கண்ணைக் கவர்கிறது. உழைத்துப் பிழைக்கும் அந்த மக்களோடு தங்களுக்கு இனி உறவில்லை என்று கதைசொல்லி எண்ணிக்கொள்கிறார்.

முல்லர் யார் என்பதை நூல் விளக்கவில்லை, வரலாறு விளக்குகிறது. அவர் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர். 1928 முதல் 1930 மார்ச்சு வரையில் ஜெர்மனியின் பிரதமர். 1931 மார்ச்சில் மறைந்தார். அவருடைய கூட்டணி அரசு கவிழ்ந்ததற்கு உடனடிக் காரணம், வேலையில்லாதோர் காப்பீட்டு நிதிக்கு யார் எவ்வளவு செலுத்துவது என்ற தகராறு. அதன் பின்னர் வந்த அரசுகள் நாடாளுமன்றப் பெரும்பான்மையின்றி, குடியரசுத் தலைவரின் அவசர ஆணைகளைக் கொண்டே ஆட்சி நடத்தின. ஆகவே, அந்தச் சன்னலுக்குக் கீழே சென்றது ஒரு தனிமனிதரின் உடல் மட்டுமன்று. வேலையற்றோரின் உரிமையைச் சட்டத்தால் காக்கலாம் என்ற ஒரு நம்பிக்கையும் அதனுடன் சென்றது. மேலே நின்ற மூவருக்கும் அது தெரியவில்லை. மறுநாளே அமெரிக்கன் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். உலகைச் சுற்றிவரக் கனாக்கண்ட மற்ற இருவரும் நடுத்தெருவில் நிற்கின்றனர். வேற்றுநாட்டாரின் ஒட்டாத வாழ்வைப் பற்றி இஷர்வுட் எழுதியவற்றுள் இதுவே மிகவும் நேர்மையானது. இங்கே அவர் தம்மையும் குற்றக்கூண்டில் நிறுத்துகிறார்.

கருவியா, மனிதரா?

‘பெர்லினுக்கு விடை’யின் தொடக்கத்திலேயே கதைசொல்லி தம்மைப் புகைப்படக் கருவிக்கு ஒப்பிடுகிறார். அன்று தொட்டு இன்றுவரை இவ்வுவமையைப் பாராட்டாத திறனாய்வாளர் இலர் எனலாம். விருப்பு வெறுப்பின்றி உள்ளதை உள்ளவாறே காட்டினார் என்பது அவர்கள் கருத்து. பிடித்த படத்தைப் பின்னொரு நாள் துலக்கி அச்சிட வேண்டும் என்றும் அவ்விடத்திலேயே அவர் கூறியிருப்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். எதைத் துலக்குவது, எதை இருளில் விடுவது என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. மனிதரே முடிவு செய்கிறார்.

இஷர்வுட் இருளில் விட்டவற்றுள் முதலாவது தம்மையே. ஆண்களிடத்தே காதல் கொள்ளும் இயல்பினர் அவர். பெர்லினுக்கு அவரை ஈர்த்ததும் அதுவே என்பதை 1976இல் வெளியிட்ட ‘கிரிஸ்டபரும் அவரினத்தாரும்’ என்னும் தன்வரலாற்றில் ஒளிவின்றி எழுதினார். இங்கிலாந்தில் அவ்வுறவு 1967 வரையில் முற்றிலும் குற்றமாகவே கருதப்பட்டது. ஆகவே, கதைசொல்லி உணர்ச்சியற்ற கருவியாகத் தோன்றுவது கலைக்கொள்கையால் மட்டும் நேர்ந்ததன்று, அச்சத்தாலும் நேர்ந்தது. இதற்காக அவரைக் குறைகூறுதல் நேர்மையாகாது.

குறைகூறத் தக்கது வேறொன்று. அவர் மற்றவர்களையும் தம்மைப் போலவே செயலற்றவர்களாக்கினார். சாலிக்கு முன்மாதிரியாயிருந்த ஜீன் ராஸ், பிற்காலத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்து, ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரின்போது அங்கிருந்து செய்தி அனுப்பியவர். நாவலின் சாலிக்கோ அரசியல் என்றால் கொட்டாவி. பெரிய பல்பொருள் அங்காடியை நடத்தும் யூதக் குடும்பத்தைச் சேர்ந்த பெர்ன்ஹார்டு லாண்டவர் என்னும் பாத்திரத்துக்கு முன்மாதிரி வில்பிரிட் இஸ்ரேல். பெர்ன்ஹார்டு சோர்ந்த மனத்தினர், எதிலும் பிடிப்பில்லாதவர், 1933இல் இறந்துபோகிறார். வில்பிரிட் இஸ்ரேலோ ஜெர்மனியிலேயே தங்கி, 1938, 1939ஆம் ஆண்டுகளில் யூதக் குழந்தைகள் ஆயிரக்கணக்கானோர் இங்கிலாந்துக்குத் தப்பிச் செல்வதற்கு உழைத்தவர். 1943 ஜூன் 1இல், லிஸ்பனிலிருந்து திரும்பும் வழியில் அவர் சென்ற விமானம் ஜெர்மானியரால் சுட்டு வீழ்த்தப்பட்டு உயிர்நீத்தார். பெர்ன்ஹார்டு செயலற்று மடியும் கதை அச்சேறிய 1939இல், அவருக்கு முன்மாதிரியானவர் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்தார்.

கற்பனைக்கு உரிமை உண்டு என்று கூறி இதை ஒதுக்கிவிடலாம். ஆனால், ஒரே திசையில் இரண்டு மாற்றங்கள் நிகழுமாயின் அது தற்செயலன்று. செயலாற்றக்கூடியவர்கள் அந்நகரில் இருந்தனர் என்று ஒப்புக்கொண்டால், வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவரின் நிலை தாழ்ந்துவிடும்.

மாறிய வாக்கு

தொகுப்பின் கடைசிப் பகுதி 1932–33 குளிர்காலத்து நாட்குறிப்பு. நாஜிப் படையினர் மூவர் ஓர் இளைஞனைக் கொடிக்கம்பத்தின் கூர்முனையால் தாக்கிக் கண்ணைச் சிதைக்கின்றனர். சிறிது தொலைவில் போலீசார் காணாதவர்போல் நிற்கின்றனர். சுற்றிலும் மக்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். கதைசொல்லியும் அவர்களுள் ஒருவர்.

பின்னர் ஷ்ரோடர் அம்மையார் வருகிறார். 1932 நவம்பர் தேர்தலில் அவர் வாக்களித்தது கம்யூனிஸ்டுகளுக்கு. அந்தத் தேர்தலில் அக்கட்சி 100 இடங்களைப் பிடித்தது. சில மாதங்களுக்குள் அதே அம்மையார் வாயிற்காவலரின் மனைவியிடம் ஹிட்லரைப் பற்றிப் பயபக்தியோடு பேசுகிறார். தம் பழைய வாக்கை நினைவுபடுத்தினால் அதை மனமார மறுப்பார் என்கிறார் ஆசிரியர். அவரைப் பழிக்கவில்லை, பருவத்துக்கேற்ப மாறுவது உயிர்களின் இயல்பு என்று அமைதி காண்கிறார்.

இந்நூலின் உச்சமும் இதுவே. ஐயத்துக்குரிய இடமும் இதுவே. சர்வாதிகாரம் கொடியவர்களால் மட்டும் நிலைபெறுவதன்று; நல்ல மனத்தவர் பலர் தம்மைப் பொருத்திக்கொள்வதாலும் நிலைபெறுகிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய எழுத்து அரிது. ஆனால், இதை இயற்கை என்று சொல்லிவிட்டால் எல்லாரையும் மன்னித்துவிட்டதாகும். 1933 மார்ச்சு 5இல், நாடாளுமன்றக் கட்டடம் எரிந்து, எதிர்க்கட்சியினர் சிறைப்பட்டு, அச்சம் தெருவெங்கும் நிறைந்திருந்தபோதும், நாஜிக் கட்சிக்கு நூற்றுக்கு 43.9 வாக்குகளே கிடைத்தன. அதாவது, பாதிக்கும் மேற்பட்டோர் தம்மை அதற்கு மாற்றிக்கொள்ளவில்லை. பருவத்தோடு மாறாதவர்களும் அந்நகரில் இருந்தனர். அவர்கள் நூலில் மிகச் சிலராகவே தலைகாட்டுகின்றனர்.

புறப்படும் உரிமை

1933 மே மாதம் இஷர்வுட் பெர்லினை விட்டுப் புறப்பட்டார். கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. அவருடன் சென்ற அவர் துணைவர் ஹைன்ஸிடம் இருந்தது ஜெர்மன் பாஸ்போர்ட். 1934 ஜனவரியில் ஹாரிச் துறைமுகத்தில் ஹைன்ஸுக்கு இங்கிலாந்தில் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. நாடு நாடாக இருவரும் அலைந்தனர். 1937இல் ஹைன்ஸ் ஜெர்மனியில் கைது செய்யப்பட்டுத் தண்டனை பெற்றார். ஒருவருக்குப் பயணம், மற்றவருக்குச் சிறை. இவ்விருவர் கதை 1976ஆம் ஆண்டின் நூலிலேதான் வெளிவந்தது. 1939இல் அது சொல்லப்பட்டிருக்குமாயின், பார்வையாளர் எனப்பட்டவர் எவ்வளவு இழந்தவர் என்பதை உலகம் அன்றே அறிந்திருக்கும்.

அதே மந்தத்தின் வேறொரு முகத்தை இவ்வட்டாரத்துத் தமிழர் அறிவர். ரப்பர் விலை வீழ்ந்த 1930 முதல் 1933 வரையிலான ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களில் வேலையிழந்த இந்தியத் தொழிலாளர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களும் அயல்நாட்டில் வாழ்ந்தவர்களே, அவர்களுக்கும் வாக்கில்லை. இஷர்வுட் விரும்பியபோது வந்தார், விரும்பியபோது சென்றார். இவர்கள் வேலையுள்ளவரையில் தேவைப்பட்டனர்; வேலை தீர்ந்ததும் அனுப்பப்பட்டனர். இவர்கள் நாட்குறிப்பு எழுதியிருந்தால், அதில் வரும் கதைசொல்லி தம்மை ஒரு கருவிக்கு ஒப்பிட்டிருக்க மாட்டார்.

நூல்களின் தகுதி

1966இல் மேடையேறிய ‘காபரே’ என்னும் இசை நாடகமும், அதன் வழியாக 1972இல் பாப் பாஸி இயக்கிய திரைப்படமும் இஷர்வுட்டின் பெர்லினை உலகெங்கும் அறியச் செய்தன. ஆயின், அவை இரண்டிலும் நோவாக் குடும்பத்துக்கு இடமில்லை. ஆட்டமும் பாட்டும் மின்விளக்கும் எஞ்சின. ஒழுகும் கூரையும் இருமும் தாயும் விடுபட்டனர். பெர்லினை அறிய விரும்புவோர் திரையோடு நின்றுவிடாமல் நூலுக்குச் செல்லுதல் வேண்டும். அதிலும் நோவாக் பகுதியை முதலிற் படித்தல் நன்று.

தம் நூல்களின் குறையை ஆசிரியரே உணர்ந்திருந்தார் என்பதும் குறிப்பிடத் தக்கது. நாரிஸுக்கு முன்மாதிரியாயிருந்த ஜெரால்டு ஹாமில்டன் 1956இல் வெளியிட்ட நூலுக்கு எழுதிய முன்னுரையில், பட்டினியும் வன்முறையும் நிறைந்த ஓர் உண்மை நகரத்தை வைத்து இரக்கமில்லாத வேடிக்கைக் கதை புனைந்ததாகத் தம்மையே கடிந்துகொண்டார். இவ்வளவு கடுமையான தீர்ப்பை அவருக்குப் பிறர் வழங்கத் தேவையில்லை. ‘பெர்லினுக்கு விடை’யின் இறுதிப் பக்கத்தில், நண்பர்கள் சிறையிலும் சாவிலும் இருக்க, இதமான வெயிலில் நடக்கும் கதைசொல்லி கடைக் கண்ணாடியில் தம் முகம் சிரித்திருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறார். கருவிக்குத் தன் முகம் தெரிவதில்லை. தெரிந்துவிட்ட அந்தக் கணத்தில் அவர் மனிதராகிறார், நூலும் முடிந்துவிடுகிறது.

வாக்கில்லாதவர் சாட்சி சொல்லக்கூடாது என்பதில்லை. தேர்தல் எண்கள் மறந்துபோன பின்னரும், தட்டிக்குப் பின்னால் உறங்கிய அம்மையாரையும், காய்களை நகர்த்திப் பொழுதைக் கொன்ற இளைஞரையும் உலகம் நினைவில் வைத்திருப்பது இந்த வேற்றுநாட்டாரின் சாட்சியால்தான். ஆனால், சாட்சி சொல்பவர் தாம் எங்கே நின்று பார்த்தார், எவர் செலவில் பார்த்தார், எப்போது அகன்றார் என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். இஷர்வுட் முதற்பகுதியை 1939இலும், எஞ்சியதை 1976இலும் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் படிப்போருக்கே அவர் கண்ட பெர்லின் முழுமையாகக் கிடைக்கும்.